மதியச் சாப்பாடா, குழுவா, வாசிப்பா, வார இறுதியா? கறுப்பினக் குழந்தைகளுக்கு மென்டராகப் போக நினைக்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பாஸ்டன் பக்கம் படிக்க வரும் நம் பிள்ளைகளிடமிருந்து செப்டம்பர் முடிவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். கேம்பஸில் தன்னார்வ அமைப்புகள் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒரு மேசையில், பக்கத்து ஊர் எலிமெண்டரி பள்ளியில் படிக்கும் கறுப்பினக் குழந்தைகளுக்கு மென்டர்கள், அதாவது வழிகாட்டித் துணைவர்கள், வேண்டும் என்று எழுதி வைத்திருப்பார்கள். சரி, பெயர் கொடுக்கலாம் என்று போனால் பல வழிகளைச் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு குழந்தையோடு உட்காரலாம். பள்ளி விட்டதும் குழுவாகச் சந்திக்கலாம். வாசிக்கச் சொல்லிக்கொடுக்கலாம். வார இறுதியில் வெளியே அழைத்துப் போகலாம். கோடையில் முழுநேரமாகவும் செய்யலாம். "எதில் சேரட்டும்?" என்று கேட்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கல்வியாண்டு முழுக்க வர முடியாதவர் ஒரு குழந்தைக்கு நட்பை வாக்களிக்கக் கூடாது, வாசிப்புப் பயிற்சி போல முடிவு தெரிந்த ஒரு வேலையை வாக்களிக்கலாம். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்தக் கணக்கின் விவரம்தான்.

## இந்தக் குழந்தைகள் யார்?

பாஸ்டன் வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறேன், எனக்குப் பழக்கமான இடம் என்பதால். இங்கே நகரப் பிள்ளைகளைப் புறநகர்ப் பள்ளிகளுக்கு அனுப்பும் மெட்கோ என்று ஒரு திட்டம் இருக்கிறது. பாஸ்டன் நகரப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகள் ஒதுக்கப்பட்டுக் கிடந்த காலத்தில், பெற்றோரும் செயற்பாட்டாளர்களும் போராடி உருவாக்கியது. 1966 இல் 220 பிள்ளைகளோடு தொடங்கியது. ஆர்லிங்டன், பிரெயின்ட்ரீ, புரூக்லைன், லெக்ஸிங்டன், லிங்கன், நியூட்டன், வெல்லஸ்லி என்று ஏழு புறநகர்கள் அந்தப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டன. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்களுக்கு ஏறத்தாழ 3,000 பிள்ளைகள் பஸ்ஸில் போய் வருகிறார்கள். டார்செஸ்டர், மாட்டபான் போன்ற பாஸ்டன் நகரப் பகுதிகளில் விடியும் முன் எழுந்து, ஒரு மணி நேரம் பயணம் செய்து, தன்னைப் போல் இன்னும் ஒருவரோ இருவரோ மட்டுமே இருக்கும் வகுப்பில் போய் உட்காருகிறார்கள்.

ஆனால் புறநகர்ப் பள்ளியில் பார்க்கும் கறுப்பினக் குழந்தையெல்லாம் மெட்கோ குழந்தை இல்லை. அடுத்த தெருவிலேயே வீடு இருக்கும், அம்மா டாக்டராக இருப்பார். "நீ எந்த பஸ்ஸில் வருகிறாய்?" என்று அந்தக் குழந்தையிடம் ஆண்டுக்குப் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். பதினோராவது ஆளாக நீங்கள் போய் நிற்காதீர்கள்.

இந்தக் குழந்தைகளுக்கு எதற்கு மென்டர்? பாடத்தில் பின்தங்கியிருப்பார்கள் என்பதால் அல்ல. அப்படி எண்ணிக்கொண்டு போனால் முதல் நாளே தவறான காலில் இறங்குவீர்கள். காரணம் வேறு. 2017-18 ஆம் கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 79 சதவீதம் வெள்ளையர், 7 சதவீதம் மட்டுமே கறுப்பினத்தவர். ஐந்தாம் வகுப்பை முடிக்கும்வரை கரும்பலகைக்கு முன்னால் தன் நிறத்து மனிதர் ஒருவரைக்கூடப் பார்க்காமல் ஒரு பிள்ளை வளரலாம். அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு டென்னசியில் நடந்த ஒரு ஆய்வு சான்று. தொடக்க வகுப்புகளில், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள், ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படிக்க நேர்ந்த கறுப்பினக் குழந்தைகள், அப்படி நேராதவர்களைவிட உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு 13 சதவீதமும், கல்லூரியில் சேரும் வாய்ப்பு 19 சதவீதமும் கூடுதலாகக் கொண்டிருந்தார்கள். தண்டனைக் கணக்கு இன்னும் கசப்பானது. 2011-12 இல் மழலையர் வகுப்புகளில் இருந்த பிள்ளைகளில் கறுப்பினக் குழந்தைகள் 18 சதவீதம். ஒரு தடவைக்கு மேல் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் 48 சதவீதம். பேசுவது நாலு வயதுக் குழந்தைகளைப் பற்றி.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, எத்தனை மாதம் நீடிக்கும்? பாதியில் விட்டால் என்ன ஆகும்? இரண்டாவது, வகுப்பில் ஏற்கனவே தனியாகத் தெரியும் குழந்தையை இது இன்னும் தனியாக்குமா? மூன்றாவது, இதனால் குழந்தை யாரைப் பார்க்கிறது? தன்னைப் போன்ற பெரியவர்களையும் தன்னைப் போன்ற பிள்ளைகளையும் பார்க்கிறதா? நான்காவது, எந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது? வகுப்பு நேரமா, விளையாட்டு நேரமா, பஸ் நேரமா? ஐந்தாவது, உங்களுக்கு ஆகும் செலவு: பயணம், படிவம், விசா.

இதில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம். 2002 இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று மென்டர்களைச் சேர்த்துவைக்கும் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பின் ஜோடிகள் எவ்வளவு காலம் நீடித்தன என்று பார்த்தது. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளில் பிள்ளைகளுக்குத் தெளிவான நன்மை இருந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளிலோ, பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்தது, "எனக்குப் படிப்பு வரும்" என்ற நம்பிக்கையும் இறங்கியது. அதாவது அரைகுறையாக வந்துபோகும் மென்டரால் பயனில்லாமல் போவது மட்டுமல்ல, கெடுதலும் உண்டு.

இப்போது காலண்டரை எடுத்துப் பாருங்கள். கல்லூரி டிசம்பர் நடுவில் மூடி ஜனவரி கடைசியில்தான் மீண்டும் சூடுபிடிக்கும். மே மாதத் தொடக்கத்தில் தேர்வு முடிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடுவீர்கள். மாசசூசெட்ஸ் பள்ளியோ ஜூன் நடுப்பகுதி தாண்டியும் நடக்கும். உங்கள் வசந்த விடுமுறை மார்ச்சில். பள்ளிக்கு அது கிடையாது, அதற்குப் பதிலாகப் பிப்ரவரியில் ஒரு வாரம், ஏப்ரலில் ஒரு வாரம். பனிப்பொழிவு விடுமுறைகள் தனி. "வாரம் ஒரு தடவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் நிஜத்தில் அது எத்தனை வாரம் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு வாக்குக் கொடுங்கள்.

## வழி 1: பள்ளிக்குள், மதியம், ஒருவருக்கு ஒருவர்

பலரும் முதலில் நினைப்பது இதுதான். வாரம் ஒரு நாள் போகிறீர்கள், ஆபீஸில் கையெழுத்துப் போட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிறீர்கள், குழந்தை தன் டிரேயோடு வருகிறது, நூலக மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஊனோ விளையாடுகிறீர்கள். மூன்றாம் வகுப்புப் பையன்கள் ஊனோவில் ஈவிரக்கமே காட்ட மாட்டார்கள். கையில் "டிரா ஃபோர்" சீட்டை வைத்துக்கொண்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டைப் பற்றியோ வகுப்பைப் பற்றியோ நீங்கள் கேட்கும் கேள்விக்குக் கிடைக்காத பதில், சீட்டு கலைக்கும்போது தானாக வந்து விழும். அது இந்த முறையின் பலம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2007 இல் வெளியான பெரிய ஆய்வில், பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பின் பள்ளித் திட்டத்தில் 1,139 பிள்ளைகள் அந்த அமைப்பின் பத்துக் கிளைகளில் கண்காணிக்கப்பட்டார்கள். முதல் ஆண்டு முடிவில் வகுப்பு வேலையின் தரம், வீட்டுப்பாடம் முடிப்பது போன்றவற்றில் சிறிய ஆனால் நிஜமான முன்னேற்றம் தெரிந்தது. இரண்டாம் ஆண்டு வந்தபோது அதில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. ஜோடிகளின் சராசரி ஆயுளே ஐந்து மாதம்தான். 2009 இல் கூட்டரசு கல்வித் துறை தன் நிதியில் நடந்த பள்ளி மென்டர் திட்டங்களை மதிப்பிட்டபோது, ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க விளைவு எதுவும் தெரியவில்லை. எனவே "போய் உட்கார்ந்தாலே போதும், அற்புதம் நடக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, சாப்பாட்டு நேரமே இருபது இருபத்தைந்து நிமிடம். அதையொட்டித்தான் விளையாட்டு இடைவேளை வரும். அரை மணி நேரம் உட்கார வேண்டுமென்றால் அந்த இடைவேளையைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். வகுப்பில் ஒரே கறுப்பினப் பையனுக்கு, மற்ற பிள்ளைகளோடு நட்பு உண்டாகும் இடமே அந்த மைதானம்தான். அங்கிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய் நூலகத்தில் உட்கார வைத்துவிட்டு, "இவனுக்கு நண்பர்கள் குறைவு" என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. இரண்டாவது, வாசலில் ஒரு பெரியவர் வந்து அவனை மட்டும் கூப்பிடுவதை இருபது பிள்ளைகள் பார்க்கிறார்கள். எலிமெண்டரி பள்ளியில் தனியாகக் கூப்பிட்டால் அதற்கு இரண்டே பொருள். ஒன்று வாந்தி எடுத்திருக்கிறான், இல்லை தப்பு செய்திருக்கிறான்.

இதற்கு ஓர் எளிய மருந்து இருக்கிறது. பள்ளி கவுன்சிலர்கள் "லஞ்ச் பஞ்ச்" என்று நடத்துவார்கள். குழந்தை தனக்குப் பிடித்த ஒன்றிரண்டு நண்பர்களையும் கூட்டி வரலாம். அப்போது தனியாகப் போவது என்பது போய், வகுப்பே பொறாமைப்படும் சலுகையாகிவிடும். உங்கள் திட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எப்போது சரி: செப்டம்பரிலிருந்து மே வரை ஒரே கிழமையில் வர முடியும், அடுத்த ஆண்டும் இதே ஊரில் இருப்பீர்கள் என்றால். இளங்கலை முதல், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கும் பிஎச்டி மாணவர்களுக்கும் பொருந்தும். இரண்டு ஆண்டு மாஸ்டர்ஸ் செய்பவர் இரண்டாம் ஆண்டில் இதைத் தொடங்கக் கூடாது.

## வழி 2: குழுவாக, பல மென்டர்கள், பல குழந்தைகள்

ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பில் ஒருத்தி, மூன்றில் இரண்டு பேர், ஐந்தில் ஒருவன் என்று சிதறிக் கிடக்கும் கறுப்பினக் குழந்தைகளை வாரம் ஒரு நாள் ஒரே அறையில் சேர்த்தால் என்ன நடக்கும்? மென்டர்கள் வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஐந்தாம் வகுப்பு அண்ணனைப் பார்க்கிறாள். அவன் இந்தப் பள்ளியில் நாலு ஆண்டைத் தாண்டி வந்தவன். எந்த ஆசிரியர் எப்படி, யாராவது முடியைத் தொட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். உங்களாலும் என்னாலும் கொடுக்க முடியாத பாடம் அது.

முடி என்றதும் சிரிக்க வேண்டாம். பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான மால்டனில் ஒரு பள்ளி, 2017 இல், பின்னல் வைத்து வந்ததற்காகக் கறுப்பின மாணவிகளைத் தண்டித்தது. அந்த விவகாரத்தின் நீட்சியாகத்தான் 2022 இல் மாசசூசெட்ஸ், முடி அலங்காரத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. "ஓ, தொட்டுப் பார்க்கலாமா?" என்ற கேள்வியைத் தினம் கேட்டு அலுத்த பிள்ளைகள் இவர்கள். குழுவில் அந்தக் கேள்வியே எழாது. அந்த ஒரு மணி நேரமாவது விளக்கம் சொல்லாமல் இருக்கலாம்.

குழுவின் இன்னொரு நன்மை, பாரம் ஒரே ஆளின் தலையில் விழாது. உங்களுக்கு மிட்டெர்ம் வந்தால் மற்ற மூன்று பேர் இருப்பார்கள். ஒருவர் படிப்பை முடித்துப் போனாலும் குழு நிற்கும். வர்ஜீனியா பல்கலைக்கழகம் 1997 முதல் நடத்தும் இளம்பெண்கள் தலைமைத் திட்டம், ஒவ்வொரு சிறுமிக்கும் ஒரு கல்லூரி அக்காவைக் கொடுத்து, அந்த ஜோடிகளையெல்லாம் ஒரு குழுவாகவும் சேர்க்கிறது. அது நடுநிலைப் பள்ளிப் பெண்களுக்கானது. ஆனால் அந்த அமைப்பு எலிமெண்டரிக்கும் ஒத்துவரும் என்பது என் கருத்து.

சரி, இதில் என்ன சிக்கல்? முதலில் பஸ். பள்ளி விட்டதும் நடத்தினால் மெட்கோ பிள்ளைகளுக்கு வழக்கமான பஸ் போய்விடும். தாமத பஸ் எல்லா நாளும் இருக்காது, சில ஊர்களில் சின்ன வகுப்புகளுக்கு இருக்கவே இருக்காது. "எல்லோரும் வரலாம்" என்று அறிவித்துவிட்டு, உள்ளூர்ப் பிள்ளைகள் மட்டும் வந்து உட்காரும் குழுவை நடத்துவதில் என்ன லாபம்? ஒருங்கிணைப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே, பஸ் உண்டா என்பதுதான்.

அடுத்தது பெயரும் சட்டமும். கறுப்பினக் குழந்தைகளுக்கு மட்டும் என்று கதவில் எழுத முடியாது. 2021 இல் வெல்லஸ்லி பள்ளி மாவட்டத்தின் மீது, இனவாரியான கூடுகைகளை எதிர்த்து ஒரு பெற்றோர் அமைப்பு வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சமரசத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு எல்லா ஊர்ப் பள்ளிகளும் கவனமாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் உள்ளே நடப்பது கறுப்பினக் குழந்தைகளின் அனுபவத்தை நடுவில் வைத்து என்று அமைப்பதே இப்போது நடைமுறை. கூட ஒரு வெள்ளைக்காரத் தோழி வந்து உட்கார்ந்தால் குடி மூழ்கிவிடாது.

மூன்றாவது, கல்லூரிக் கிளப்புகளின் தலைவிதி. ஒரு சீனியர் ஓடி ஓடி எல்லாம் செய்வார். மே மாதம் பட்டம் வாங்கிப் போவார். செப்டம்பரில் பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வரும், பதில் சொல்ல ஆள் இருக்காது. கல்லூரியின் சமூகப்பணி அலுவலகத்தில் சம்பளம் வாங்கும் ஒருவர் பொறுப்பில் இருந்தால் மட்டுமே குழு ஆண்டுக்கு ஆண்டு நீடிக்கும்.

சின்ன விஷயம் ஒன்று, நம் ஆட்களுக்கு. ஸ்நாக்ஸ் உங்கள் பொறுப்பு என்றால் கடலை மிட்டாயைக் கொண்டுபோய்விடாதீர்கள். வேர்க்கடலை ஒவ்வாமை இங்கே விளையாட்டில்லை.

எப்போது சரி: பள்ளியில் நாலைந்து கறுப்பினக் குழந்தைகளாவது இருந்து, பஸ் ஏற்பாடும் பொறுப்பான பெரியவரும் இருந்தால், என் முதல் தேர்வு இதுதான். ஒரு வருடம் உறுதியாக வர முடிகிறவர்கள் மையத்திலும், முடியாதவர்கள் உதவிக்கும் இருக்கலாம்.

## வழி 3: வாசிப்புப் பயிற்சி

ஒரு செமஸ்டர்தான் இருக்கிறது என்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இது. இங்கே நீங்கள் குழந்தைக்குத் தருவது ஒரு வேலை. பதினைந்து வாரம், குறிப்பிட்ட பாடம், தொடக்கமும் முடிவும் எல்லோருக்கும் தெரியும். டிசம்பரில் நீங்கள் போனால் குழந்தை அதை உதறலாக எடுத்துக்கொள்ளாது. பயிற்சி முடிந்தது, அவ்வளவுதான்.

சான்றும் ஓரளவு தெளிவு. ரீடிங் பார்ட்னர்ஸ் என்ற அமைப்பு, ஆசிரியப் பயிற்சி இல்லாத தன்னார்வலர்களை வைத்து வாரம் இரண்டு முறை, 45 நிமிடம் நடத்துகிறது. மூன்று மாநிலங்களில் 19 பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவுகள் 2015 இல் வந்தன. பிள்ளைகள் ஒன்றரை முதல் இரண்டு மாதப் படிப்புக்கு இணையான கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். வானத்தை வளைத்த கதை இல்லை, ஆனால் உண்மையான பலன். கையில் பாடத்திட்டமும் பக்கத்தில் கேட்டுச் சொல்ல ஓர் ஆளும் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பணமும் கிடைக்கலாம். படித்துக்கொண்டே சம்பளத்துக்கு வேலை பார்க்க உதவும் கூட்டரசின் ஒர்க்-ஸ்டடி திட்டத்தில் தகுதி பெற்ற மாணவர்கள் குழந்தைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுத்தால், அந்தச் சம்பளம் முழுவதையும் கூட்டரசே ஏற்கும் வசதி 1997 இல் வந்தது. ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது. நீங்கள் சம்பளமில்லாத தன்னார்வலராக மட்டுமே போக வேண்டும். யாராவது "சின்னதாக ஒரு தொகை" கொடுக்க வந்தால், வாங்கும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மறைந்த செலவு ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. இந்தக் குழந்தைக்கு வாசிப்புப் பயிற்சி தேவையா? மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்த்தார்களா, நிறத்தைப் பார்த்துச் சேர்த்தார்களா? வகுப்பு நிலைக்கு மேலே வாசிக்கும் மெட்கோ சிறுமியை, "எதற்கும் இருக்கட்டும்" என்று பயிற்சிப் பட்டியலில் போட்டால், அவளுக்குக் கிடைக்கும் செய்தி என்ன? தேவையான குழந்தையாகவே இருந்தாலும், எந்த வகுப்பிலிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஓவியமும் உடற்பயிற்சியும்தான் போகும் என்றால், அவளுக்கு அந்த வாரத்தின் ஒரே சந்தோஷத்தை நீங்கள் தின்கிறீர்கள்.

புத்தகத் தேர்வில் மட்டும் உங்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் இருக்கும். கறுப்பினப் பிள்ளை நாயகனாக வரும் கதைகளைத் தேடி எடுங்கள். அடிமைமுறையையும் போராட்டத்தையும் மட்டுமே சொல்லும் கதைகள் போதாது. பல் விழுவது, நாய் தொலைவது, பேக்கரியில் கலாட்டா என்று சாதாரணக் கதைகளும் வேண்டும்.

எப்போது சரி: ஒரு செமஸ்டர் மட்டும் கையில் இருந்தால், குழந்தைக்கு உண்மையில் வாசிப்பில் உதவி தேவைப்பட்டால்.

## வழி 4: பள்ளிக்கு வெளியே, வார இறுதியில்

பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸின் பழைய முறை. 1904 இல் நியூயார்க் சிறார் நீதிமன்ற எழுத்தர் ஒருவர் தொடங்கிவைத்த முயற்சியிலிருந்து வளர்ந்தது. மாதம் இரண்டு மூன்று முறை, சில மணி நேரம், பூங்காவோ பந்தாட்டமோ சமையலோ. குறைந்தது ஒரு வருடம் வாக்குக் கேட்பார்கள், கேட்க வேண்டும்.

இதற்கான சான்றுதான் இருப்பதிலேயே புகழ்பெற்றது. எட்டு நகரங்களில் 959 பிள்ளைகளை வைத்து நடந்து 1995 இல் வெளியான ஆய்வில், மென்டர் கிடைத்தவர்கள் போதைப்பொருள் பழக்கத்தைத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதம் குறைந்தது. பள்ளிக்கு மட்டம் போடுவது ஏறக்குறைய பாதியாகியது. ஆனால் அவர்கள் 10 முதல் 16 வயதுப் பிள்ளைகள். ஏழு வயதுக் குழந்தைக்கும் அப்படியே நடக்கும் என்று நீட்டக் கூடாது.

எனக்கு இதில் பிடித்தது வேறு. பகலில் வெல்லஸ்லியில் ஒற்றை ஆளாக இருக்கும் பையன், சனிக்கிழமை மாட்டபானில் தெருவே தன்னுடையது என்று நடப்பான். பள்ளியில் வாயே திறக்காதவன் என்று பெயர் வாங்கியவன், அங்கே உங்களுக்கு வழிகாட்டுவான். அம்மாவையும் பாட்டியையும் நேரில் பார்ப்பீர்கள். பள்ளிக்குள் நடக்கும் திட்டங்களில் பெற்றோர் என்பவர் அனுமதிப் படிவத்தின் அடியில் ஒரு கையெழுத்து மட்டுமே.

செலவு வெளிப்படையானது. ரெஃபரன்ஸ், நேர்முகம், பின்னணிச் சோதனை என்று மாதக்கணக்கில் ஆகும். கார் இல்லாவிட்டால் சப்வேயும் பஸ்ஸும். பிறகு கோடை. இன்டர்ன்ஷிப்புக்குக் கலிஃபோர்னியா போவீர்கள், இல்லையேல் டிசம்பரில் அக்கா கல்யாணத்துக்கு மதுரை போய் விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு குழந்தைக்கு இதை விளக்கத் தயாராக இருந்தால் சரி.

எப்போது சரி: பிஎச்டி மாணவர்கள், வேலையில் சேர்ந்து இதே ஊரில் தங்கிவிட்டவர்கள்.

## கோடை மட்டும்: ஃப்ரீடம் ஸ்கூல்

கறுப்பின உரிமைப் போராட்டத்தின்போது 1964 இல் மிசிசிப்பியில் நடந்த கோடைப் பள்ளிகளின் நினைவில், குழந்தைகள் பாதுகாப்பு நிதியம் என்ற அமைப்பு 1990களில் தொடங்கியது. ஆறு வாரம், பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி மாணவர் என்ற கணக்கு. காலையில் பாட்டும் கோஷமுமாக "ஹரம்பே" என்ற கூடுகை, அப்புறம் கறுப்பின வாழ்க்கையை மையமாகக் கொண்ட புத்தகங்கள். வெள்ளைப் பள்ளியில் பத்து மாதம் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு இது வேறு உலகம். குறை என்னவென்றால் பள்ளி ஆண்டைத் தொடாது. ஊதியத்தோடு கூடிய பணி என்பதால் எஃப்-1 மாணவர்களுக்கு நேரடியாக ஒத்துவராது. உங்கள் வகுப்புத் தோழர்களில் இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | குறைந்தபட்ச வாக்கு | குழந்தை தனித்துத் தெரியுமா | கவனிக்க வேண்டிய செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| மதியம், ஒருவருக்கு ஒருவர் | ஒரு கல்வியாண்டு, முடிந்தால் இரண்டு | ஆம், நண்பர்களும் வந்தால் குறையும் | விளையாட்டு இடைவேளை | ஊரில் நீண்ட நாள் இருப்பவர் |
| குழு | ஒரு கல்வியாண்டு | நடத்தும் விதத்தைப் பொறுத்தது | தாமத பஸ், பொறுப்பாளர் | பெரும்பாலானோர் |
| வாசிப்பு | ஒரு செமஸ்டர் | தவறான குழந்தையைச் சேர்த்தால் ஆம் | இழக்கும் வகுப்பு | ஒரு செமஸ்டர் உள்ளவர் |
| வார இறுதி | குறைந்தது ஒரு வருடம் | இல்லை | பயணம், கோடை இடைவெளி | பிஎச்டி, வேலையில் உள்ளவர் |
| ஃப்ரீடம் ஸ்கூல் | ஆறு வாரம் | இல்லை | விசா, ஊதிய விதி | வேலை அனுமதி உள்ளவர் |

## "நான் கறுப்பினத்தவர் இல்லையே, போகலாமா?"

போகலாம். மென்டரும் குழந்தையும் ஒரே இனமாக இருந்தால்தான் உறவு நிலைக்கும் என்று ஆய்வுகள் சொல்லவில்லை. இனம் கடந்த ஜோடிகளுக்கும் ஒரே இன ஜோடிகளுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் வெள்ளைப் பெரும்பான்மைப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு எது இல்லை என்று மேலே பார்த்தோம். அந்த இடத்தை நீங்களோ நானோ நிரப்ப முடியாது. கேம்பஸில் கறுப்பின மாணவர் சங்கம் இப்படி ஒரு குழு நடத்தினால், முன்னால் அவர்கள் நிற்கட்டும். கார் ஓட்டுவது, படிவம் சேகரிப்பது, அறை பிடிப்பது, வரவுப் பட்டியல் போடுவது என்று பின்னால் நூறு வேலை இருக்கிறது. வெள்ளைப் பெரும்பான்மைக் கல்லூரியில் படிக்கும் கறுப்பின மாணவர்களிடம் எல்லாக் குழுவிலும் வந்து உட்காரச் சொல்லி ஏற்கனவே கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒர்க்-ஸ்டடியில் சம்பளம் கிடைக்க வழி உண்டா என்று நீங்கள் கேட்டுக் கொடுத்தாலே பெரிய உதவி.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பாராட்டும் வீடுகளிலிருந்துதான் நாம் வருகிறோம். ஃபேர்னஸ் க்ரீம் விளம்பரத்தோடு வளர்ந்த கண் நம்முடையது. எட்டு வயதுப் பெண் தன்னை வரையும்போது பழுப்பு கிரேயானை எடுக்கத் தயங்கினால், அந்த நொடியில் உங்கள் முகத்தில் என்ன தெரியும் என்று போவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் வாயைவிட முகத்தைத்தான் வாசிக்கிறார்கள்.

## கையெழுத்துப் போடும் முன்

ஒருங்கிணைப்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். போன வருடம் வந்த மென்டர்களில் எத்தனை பேர் ஜூன் வரை அல்லது குறைந்தது மே வரை நின்றார்கள்? குழந்தைகளை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? பெற்றோரிடம் என்ன சொல்லி அனுமதி வாங்கினார்கள்? குழந்தை கவலை தரும் எதையாவது சொன்னால் நான் யாரிடம் போக வேண்டும்? பதிலுக்குப் பதில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று வந்தால் அடுத்த மேசைக்குப் போங்கள்.

எந்த வழியானாலும் கடைசி நாளை முதல் மாதமே குழந்தைக்குச் சொல்லிவிடுங்கள். காலண்டரில் வட்டம் போட்டே காட்டலாம். மே மாதம் நீங்கள் போன பிறகு பள்ளி நடக்கும் அந்த ஆறு வாரத்துக்கு இரண்டு தபால் அட்டைகளை முன்கூட்டியே எழுதி ஆசிரியரிடம் கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது. தனிப்பட்ட போன் எண்ணைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம், பெரும்பாலான பள்ளிகளில் அதற்கு அனுமதியும் இல்லை.

அப்புறம் கோரி சோதனை. மாசசூசெட்ஸில் பள்ளிக் குழந்தைகளோடு தனியாக இருக்க நேரும் எல்லா தன்னார்வலருக்கும் இந்தக் குற்றப் பின்னணிச் சோதனை கட்டாயம். பாஸ்போர்ட் போன்ற அரசு அடையாள அட்டையோடு போய்ப் படிவம் கொடுக்க வேண்டும். செப்டம்பர் கூட்டத்தில் மாட்டினால் அக்டோபர் நடுவில்தான் பள்ளிக்குள் கால் வைப்பீர்கள், செமஸ்டரில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். ஆகஸ்டில் வந்து இறங்கியதும், சிம் கார்டு வாங்கிய கையோடு, இந்தப் படிவத்தையும் கொடுத்துவிடுங்கள்.